பழுதிலா மேனியன்

மன்னனைப் பாட வருகிறவர் பொதுவாக அவன் வென்ற போர்களையும் கொண்ட மண்ணையும் அடுக்குவார். ஜூலு மன்னன் சென்சங்ககோனாவின் புகழ்ப்பாடல் அவன் அழகில் லயித்து நிற்கிறது. முகத்தைச் சொல்லிப் பழுதில்லை என்கிறது. பிறகு கண், வாய், கை, கால் என ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றின் பின்னும் அதே முடிபை வைக்கிறது. உறுப்பு மாறுகிறது, தீர்ப்பு மாறவில்லை. திரும்பத் திரும்ப முரசடியாக விழும் அந்தச் சொல்லில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கொடும்பஞ்சத்திலும் அவன் மேனி வாடவில்லை என்கிறது பாட்டு. பஞ்சத்தைப் பக்கத்தில் நிறுத்தியதும் அழகுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. மாடுகளைச் செல்வமாகக் கொண்டு வாழ்ந்த குடிகளுக்கு மன்னனின் வாடாத உடம்பே நம்பிக்கை.

இவ்வகைப் பாடலை ஜூலு மக்கள் இசிபொங்கோ என்பார்கள், பாடுபவர் இம்போங்கி. எழுத்து வராத காலத்தில் இவர்கள் நாவில்தான் அரசகுலம் வாழ்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேட்டால் அதிகாரி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைத்ததால் இவை நமக்குக் கிடைத்தன.

மலண்டெலாவின் மகன் ஜூலு, அவர் வழியில் புங்கா, மகேபா, ந்தாபா, ஜாமா, ஜாமாவின் மகன் சென்சங்ககோனா என்று குலவரிசை இறங்குகிறது. பாட்டோ அவனைத் தந்தை ஜாமாவைத் தாண்டிப் பாட்டன் ந்தாபாவோடு சேர்த்து விளிக்கிறது. ஒரே விளியில் மூன்று தலைமுறை எழுந்து நிற்கிறது. முன்னோர் பலர் அடக்கமான எமகோசினி பள்ளத்தாக்கில் இன்று ஏழு கொம்புகள் சூழ ஒரு வெண்கலக் கள்ளுப்பானை நிற்கிறது. கொம்புக்கு ஒரு மன்னன் என்பது கணக்கு.

இந்த வரிசையில் ஒரு பெண்ணும் மங்காமல் நிற்கிறாள். ஜாமாவுக்குப் பிறந்த இரட்டைப் பெண்களில் ஒருத்தி ம்கபாயி. இரட்டையரில் ஒன்றைக் கொல்வது அன்றைய வழக்கு. ஜாமா இருவரையும் வாழவிட்டார் என்கிறது வழிவழிக் கதை. தம்பி சென்சங்ககோனா வளரும்வரை அவளே ஆட்சியைத் தாங்கினாள். அவளுக்கும் தனி இசிபொங்கோ உண்டு. அது பாடுவது அவளுடைய சூழ்ச்சித் திறனை. தம்பிக்கு மேனி, அக்காளுக்கு மதி என்று ஆளறிந்து பாடியிருக்கிறார்கள்.

சென்சங்ககோனா ஆண்டது சிறிய குடி. அதுவும் ம்தெத்வா தலைவர் டிங்கிஸ்வாயோவின் மேலாண்மையை ஏற்ற குடி. தந்தை சென்சங்ககோனாவோடு வாழமுடியாமல் தாய் நாண்டியுடன் வெளியேறி வளர்ந்த மகன் ஷாகாதான் 1816-இல் அரியணை ஏறி அந்தக் குடியைப் பேரரசாக்கினான். ஷாகாவின் பாடலில் போரின் வேகமும் வீழ்ந்த எதிரிகளின் பெயர்களும் நெருக்கியடித்து வருகின்றன. தந்தையின் நிதானத்தைக் கேட்ட பிறகு மகனைக் கேட்டால் ஒரே தலைமுறையில் நாடு எப்படித் தடம் மாறியது என்பது செவிக்கே தெரியும்.

ஷாகா, டிங்கானே, ம்பாண்டே என்று சென்சங்ககோனாவின் மூன்று மகன்கள் 1816 முதல் 1872 வரை அடுத்தடுத்து ஆண்டார்கள். முதல் இருவருக்கும் வாரிசு இல்லை. இன்றைய மன்னர் மிசுஜூலு, ம்பாண்டேயின் வழியில் வந்தவர்.