பாடியவள் யார்?

இலங்கை மலையகத்தின் பதுளை, பசறை, நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒப்பாரிக்கு வாத்தியார் கிடையாது. இழவு வீட்டில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவள் செத்தவர் ஏறி இறங்கிய மலையையும் கைக்கு வராமலே போன சேவைக்காலப் பணத்தையும் சேர்த்து அடுத்த அடியைக் கட்டுகிறாள். தாலாட்டும் கும்மியும் இப்படித்தான் வளர்ந்தன. விடிந்ததும் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடி, பொழுதுசாயக் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்தில் அடுப்பு மூட்டுகிறவளிடம் தாளும் தனியறையும் கேட்காத கலை இது. யாரும் நுழையலாம், யாரும் ஓரடி கூட்டலாம். இதைவிடப் பெரிய பலம் ஒரு கலைக்கு வேண்டியதில்லை.

ஆனால் எல்லாருக்கும் சொந்தமான பாட்டில் கட்டியவளின் பெயர் தங்குவதில்லை. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திராவிட்டால் மலைநாட்டுப் பாடல்கள் பல அழிந்திருக்கும். அந்தக் கடன் பெரிது. என்றாலும் நாட்டார் பாடல் தொகுப்பு என்ற முறையே பாட்டை மக்கள் கணக்கில் வரவு வைத்துவிட்டுப் பாடியவளை விட்டுவிடுகிறது. மாசியில் நடக்கும் காமன் கூத்திலும் இதே இழப்புதான். காமனை இழந்த ரதியின் புலம்பல் அந்தக் கூத்தின் உயிர். ரதி வேடம் கட்டுவதோ மரபுப்படி ஆண். புலம்பலை நன்கறிந்த பெண்கள் சுற்றிநின்று பார்க்கிறார்கள். வழமை என்ற பதில் எனக்குப் போதாது.

பெயரோடு நின்ற ஒருவர் மீனாட்சியம்மாள். கணவர் கோ. நடேசய்யரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடியவர், 1940 இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று தம் பாடல்களை நூலாக்கினார். தெரிந்த மெட்டில் கட்டியதால் கூட்டமும் சேர்ந்து பாட முடிந்தது. அவருடைய துணிச்சல் அபூர்வமானது. ஆனாலும் மேடைப் பாட்டில் கோரிக்கைதான் முன்னுக்கு நிற்கும். ஒருத்தியின் தனி ஆசைக்கு அங்கே இடம் குறைவு.

பெயர் தங்காத இதே வழியே அமெரிக்கக் கறுப்பினப் பெண்களும் வந்தவர்கள்தான். பாட்டிமார் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண் கலைஞராக இருப்பதன் பொருள் என்ன என்று 1974 இல் எழுத்தாளர் அலிஸ் வோக்கர் கேட்டார். விடையைத் தன் தாயின் பூந்தோட்டத்தில் கண்டார். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் பழந்துணியில் தைத்த போர்வைகள் 2002 இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, தைத்தவர்களின் பெயர்களும் கூடவே வந்தன. பணம் யாருக்கு என்ற சிக்கலும் வந்தது. 2007 இல் தைத்தவர்களில் சிலர் வழக்கே தொடுத்தார்கள். அந்த வழக்கையும் நான் முன்னேற்றமாகவே பார்க்கிறேன். பெயர் இருந்தால்தானே உரிமை கேட்க முடியும்?

நம்மிடம் பெயரோடு நிறுத்தும் அந்த வேலையை அச்சு தொடங்கியிருக்கிறது. பெண்ணிய வெளியீட்டுக் குழுவான ஊடறு வெளியிட்ட ‘இசை பிழியப்பட்ட வீணை’ கவிதைத் தொகுப்பும் ‘மலையகா’ சிறுகதைத் தொகுப்பும் மலையகப் பெண்களை எழுத்தாளர்களாக நிறுத்தின. ஒப்பாரி சொல்லும் மூதாட்டிக்கு அந்த வாசல் இன்னும் திறக்கவில்லை. அவள் பேத்தி கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறாள். கூடவே பாடிப் பழக ஆளில்லை. விழா மேடையிலோ பள்ளிச் சிறுமிகள் கூடை மாட்டிக் கொழுந்து நடனம் ஆடுகிறார்கள். தோட்டத்துப் பெண் என்றால் கூடையும் கண்ணீரும் மட்டும்தானா? அவளுடைய கேலியும் காதலும் அகங்காரமும் எந்த மேடைக்கு வரும்?

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. தோட்டப் பள்ளிகளில் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். பாடுகிறவளின் சம்மதத்தோடு பாட்டைப் பதிந்து, அவள் பெயர், தோட்டம், டிவிஷன், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்து எழுதி, உரிய கூலியும் கொடுப்பது இவர்களால் முடிகிற காரியம். ஒப்பாரி முடிந்ததும் ஒலிப்பதிவை நிறுத்திவிடாமல், வேறு என்னென்ன பாடுவாள் என்றும் அவளிடம் கேட்க வேண்டும்.