முகர்வது நாய், சொல்வது யார்?

நாய்களைப் பற்றிய புத்தகங்கள் என்றாலே எனக்கு ஓர் ஒவ்வாமை. பெரும்பாலானவை நாயின் விசுவாசத்தைச் சாக்காக வைத்து மனிதன் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் பாராட்டுக் கடிதங்கள். கடைசி அத்தியாயத்தில் நாய் செத்துப்போகும், நாம் அழணும். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2016-இல் எழுதிய 'பீயிங் எ டாக்' நூலையும் அந்தச் சந்தேகத்தோடுதான் கையில் எடுத்தேன். நியூயார்க்கின் பார்னர்ட் கல்லூரியில் நாய்களின் அறிதலை ஆராய்பவர் அவர். தன் நாய் நின்று முகர்ந்த இடங்களில் தானும் குனிந்து முகர்ந்து பார்க்கிறார். பயிற்சி பெற்ற மோப்ப நாய்களையும் தேடிப் போகிறார். ஒரு பேராசிரியர் நடுத்தெருவில் இப்படிக் குனிவது சிரிப்பாத்தான் இருக்கு. நூலை நான் நம்பத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

மூக்கின் அமைப்பைப் பற்றிய தகவல்களை வேகமாகக் கடந்துவிடலாம். முகரும்போது நாய் நொடிக்கு ஐந்து முறை அளவில் காற்றை இழுக்கிறது. வெளிமூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் பின்னோக்கிப் போவதால், தரையில் கிடக்கும் வாசனையை அதுவே ஊதிக் கலைத்துவிடுவதில்லை. வாசனையை வாங்கும் செல்கள் நமக்கு ஆறு மில்லியன் அளவில் என்றால், நாய்க்கு 200 மில்லியனைத் தாண்டும்.

என்னை நிறுத்தியது அவர் காலத்தைப் பற்றிச் சொல்வது. மங்கிய வாசனை பழசு, அழுத்தமான வாசனை புதுசு. அப்படியென்றால் நாய் முகரும் ஒரு சாண் தரையில் நேற்றும் இன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எதிர்க்காற்றில் வருவதோ இன்னும் வந்து சேராத ஆள். கவித்துவ மிகை மாதிரி தெரியலாம். ஆனால் 2005-இல் வெளியான பெல்ஃபாஸ்ட் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒருவர் எந்தத் திசையில் நடந்து போனார் என்று கண்டுபிடிக்க, பயிற்சி பெற்ற நாய்களுக்கு ஐந்து காலடிகள் போதுமாக இருந்தன. தடமோ ஒரு மணி நேரம் பழையது. முதல் அடிக்கும் ஐந்தாம் அடிக்கும் இடையே ஓரிரு விநாடிதான் வித்தியாசம். அந்த ஓரிரு விநாடியை நாய் மூக்கால் படிக்கிறது.

என் குறை வேறு இடத்தில். ஹோரோவிட்ஸின் பிரியம் முழுக்க நாயின் பக்கம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் மனிதனைப் பற்றி நான் இன்னும் நிறைய வாசிக்க விரும்பினேன்.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடோர் நாய்கள் மலேசியாவுக்கு வந்தன. வட்டுகள் செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை முகர்ந்து காட்டப் பழக்கப்பட்டவை. அனுப்பி வைத்தது அமெரிக்கப் படநிறுவனங்களின் சங்கம். ஜொகூர் பாருவில் ஒரே சோதனையில் ஏறக்குறைய ஒரு மில்லியன் வட்டுகள் பிடிபட்டன. கள்ள வட்டுக் கும்பல் நாய்களின் தலைக்கு விலை வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு பதக்கமெல்லாம் கொடுத்தார்கள். பசார் மாலாமில் கள்ள டிவிடி வாங்கியே உலக சினிமா கற்ற தலைமுறைக்கு அது வயிற்றெரிச்சலான செய்திதான், அதை விடுங்கள்.

பத்திரிகைகள் அவற்றை 'திருட்டு டிவிடியை மோப்பம் பிடிக்கும் நாய்கள்' என்றே எழுதின. அசல் வட்டிலும் அதே பாலிகார்பனேட்தானே இருக்கிறது? 2006-இல் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நடந்த சோதனையில் இதே நாய்கள் டிவிடி இருந்த பொட்டலங்களைச் சரியாகவே காட்டின. பிரித்துப் பார்த்தால் எல்லாம் சட்டப்படி போகும் சரக்கு. நாய் தவறவில்லை. திருட்டுக்கு வாசனை கிடையாது, அவ்வளவுதான். அந்தச் சொல்லை மேலே ஒட்டியவர்கள் நாம்.

ஒட்டுகிற கை எவ்வளவு தூரம் போகும் என்பதை லிசா லிட் குழுவினரின் 2011 ஆய்வு காட்டுகிறது. போதைப்பொருள், வெடிபொருள் தேடும் 18 அணிகளை ஒரு தேவாலயத்துக்குள் தேடவிட்டார்கள். அங்கே தேடவேண்டிய வாசனை எதுவுமே இல்லை. ஆனால் பயிற்றுநர்களிடம் 'இருக்கலாம்' என்று சொல்லி, சில இடங்களில் சிவப்புத் தாளை அடையாளமாகக் காட்டியிருந்தார்கள். 144 தேடல்களில் ஒரு அறிவிப்பும் இல்லாமல் முடிந்தவை வெறும் 21. அறிவிப்புகள் சிவப்புத் தாள் இருந்த இடங்களில் குவிந்தன. பயிற்றுநரின் உடல் அசைவை நாய் படித்ததா, நாய் ஒன்றும் சொல்லாதபோதே பயிற்றுநர் கை தூக்கினாரா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. (நம் நூல் அறிமுகக் கூட்டங்களிலும் சிவப்புத் தாள் உண்டு. அதற்கு முன்னுரை என்று பெயர்.)

ஃபுளோரிடாவில் வில்டன் டெட்ஜ் என்பவரை 1982-இல் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தார்கள். வைத்த சாட்சியங்களில் ஒன்று, சம்பவம் நடந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் பாதிக்கப்பட்டவரின் படுக்கை விரிப்பில் அவருடைய வாசனையை நாய் அடையாளம் காட்டியது என்பது. நாயின் பயிற்றுநர் ஜான் பிரஸ்டன் அப்போது பல வழக்குகளில் இப்படிச் சாட்சி சொன்னவர். அவருடைய நம்பகத்தன்மை பிற்பாடு சரிந்தது. டெட்ஜ் 22 வருடம் உள்ளே இருந்தார். 2004-இல் டிஎன்ஏ சோதனைதான் அவரை வெளியே கொண்டுவந்தது. குறுக்கு விசாரணையில் நாயை நிறுத்த முடியாது. நாய் என்ன சொன்னது என்று சொல்கிறவரை மட்டும்தான் கேள்வி கேட்கலாம்.

அதனால் ஹோரோவிட்ஸைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய 2009 நூலான 'இன்சைட் ஆஃப் எ டாக்' முதலில், பிறகு இது. யாராவது தமிழில் பெயர்த்தால் இன்னும் நல்லது. 'வாசனை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து முந்நூறு பக்கம் ஓட்டாமல் இருந்தால் சரி. மீனுக்குக் கவிச்சி, ஆட்டுக்கு மொச்சை, நனைந்து காயாத துணிக்கு முடை என்று நம்மிடம் தனித்தனியாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்றைக்குச் சாக்கடைக்கு மட்டுமே என்று ஆகிவிட்டது. நாயின் மூக்கில் நல்ல வாடை, கெட்ட வாடை என்ற நம்முடைய பிரிவினை இல்லை. அந்தப் பழைய நாற்றத்தைத் துணிந்து பயன்படுத்தும் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் நான் முதல் பிரதியை வாங்கிக்கொள்கிறேன்.