சரளி வரிசையும் சான்றிதழும்: தனியார் இசை வகுப்புப் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

ஒரு சமுதாயம் தன் கலைகளை எத்துணை போற்றுகின்றது என்பதை அதன் அரங்குகளைக் கொண்டு அளவிடுவதே வழக்கம். ஆயின், அக்கலைகளை அது தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு கையளிக்கின்றது என்பதை நோக்குவோமாயின், அரங்கிலே தோன்றாத பல உண்மைகள் துலக்கமுறும். நாடகத்துக்கும் கவிதைக்கும் நாவலுக்கும் விமரிசனம் எழுதுகின்றோம்; இசையரங்குகளைப் பற்றியும் எழுதுகின்றோம். வீட்டு விறாந்தையிலே பாய் விரித்து, கிழமைக்கு ஒருமுறையோ இருமுறையோ நடைபெறும் பாட்டு வகுப்பினை மட்டும் விமரிசனத்துக்குரிய பொருளாக நாம் பெரும்பாலும் கருதுவதில்லை. எனினும் ஈழத்துத் தமிழ் மத்தியதர வர்க்கத்தினரின் இசையுணர்வை உருவாக்குவதில் அரங்கினும் பெரும்பங்கு அவ்வகுப்புக்கே உண்டு. ஆதலின் அதனையே இக்கட்டுரை தன் பொருளாகக் கொள்கின்றது.

இதனை எழுதுவதற்கு எனக்கிருக்கும் தகுதி ஒன்றே: நான் அவ்வகுப்பிலே ஒன்பது ஆண்டுகள் இருந்தவள். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே ஏழு வயதிற் சரளி வரிசை தொடங்கினேன். பதினாறு வயதில், ஐந்தாந் தரப் பரீட்சையிற் சித்தியெய்திய சான்றிதழோடு, உயர்தரப் படிப்பின் பொருட்டு வகுப்பை நிறுத்தினேன். பேராதனைக்கு வந்த முதலாண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, குறிஞ்சிக் குமரன் ஆலயத்திலே, பாட்டுப் பழகியவள் என்று தோழியர் கூற, தேவாரம் பாடுமாறு கேட்கப்பட்டேன். சுருதிப் பெட்டி இல்லை, கொப்பியும் இல்லை. எந்தச் சுருதியில் எடுப்பதெனத் தெரியாது உயர எடுத்து, மூன்றாம் அடியிற் குரல் எட்டாது நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற மலையகத்துத் தோழி அவ்வடியைத் தாழ்ந்த சுருதியில் ஏந்தி இறுதிவரை பாடி முடித்தாள். அவள் எந்தச் சங்கீத வகுப்புக்கும் போனவளல்லள். தோட்டத்து மார்கழிப் பஜனையிலும், தந்தையார் பாடக் கேட்ட காமன்கூத்துப் பாடல்களிலும் பழகிய செவி அவளது.

ஒன்பது ஆண்டுகளில் எனக்குக் கற்பிக்கப்பட்டது யாது, கற்பிக்கப்படாதது யாது என்னும் வினா அன்று எழுந்தது. அவ்வினாவுக்கு என் ஆசிரியையைக் குறைகூறி விடைகாண இயலாது. அவர் பொறுமையும் அன்பும் மிக்கவர். தமக்குக் கற்பிக்கப்பட்ட முறையிலேயே எமக்கும் கற்பித்தார். ஆராயப்பட வேண்டியது அம்முறையேயாகும்.

கருநாடக இசையின் தொடக்கப் பாடமுறையை 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், சுரசதி, வர்ணம், கீர்த்தனை எனப் படிப்படியாக உயரும் இம்முறை அறிவுக்கூர்மை மிக்கது. தொடக்கத்துக்கென 15ஆவது மேளமாகிய மாயாமாளவகௌளையைத் தெரிந்தமையும் காரணத்தோடு கூடியதே. சட்சம் முதல் மத்திமம் வரை சுரங்களுக்கிடையே எத்தகைய இடைவெளிகள் உள்ளனவோ, அத்தகைய இடைவெளிகளே பஞ்சமம் முதல் மேற்சட்சம் வரையும் அமைந்துள்ளன. கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்ட குரலுக்கு மேற்பாதி எளிதாகின்றது. மூன்று காலங்களிற் பாடும்போது குரலோடு லயமும் பண்படுகின்றது; ஏழு அலங்காரங்கள் ஏழு தாளங்களைக் கைக்கு உணர்த்துகின்றன.

ஆயின் இப்படிமுறை தனியே நின்று இயங்கிய ஒன்றன்று. குருவின் வீட்டிலிருந்து கற்ற மாணாக்கன் சரளி வரிசை பாடிய அதே நாட்களில், விடியற்காலையிற் குருவின் சாதகத்தைக் கேட்டான். மாலையில் மூத்த மாணாக்கர் பாடிய வர்ணத்தைக் கேட்டான். திருவிழாவிலே இராக ஆலாபனையைக் கேட்டான். தான் ஏறும் படி எங்கே செல்கின்றது என்பது ஏறுமுன்னரே அவன் செவிக்குத் தெரிந்திருந்தது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்று அமைந்த தனியார் வகுப்பு, படிகளை அவ்வாறே வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் கைவிட்டது. நூலறிவைக் 'கல்வி' என்றும் செவியறிவைக் 'கேள்வி' என்றும் இருவேறாகப் பிரித்து வழங்குவது தமிழ் மரபு. இசையிலே கேள்வி பின்தள்ளப்பட்டுக் கல்வி மாத்திரம் எஞ்சியமையே நமது வகுப்பின் முதற் குறைபாடு எனலாம்.

கேள்வி விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியது கொப்பியாகும். எனது வகுப்பிலே முதற் கால்மணித்தியாலம் பழைய பாடத்தை ஒப்புவிப்பதிற் கழியும். அடுத்த அரை மணித்தியாலம் புதிய பாடத்தை எழுதுவதிற் கழியும். பாடுவதற்கு எஞ்சுவது சிறுபொழுதே. சுரக்குறிப்பு நினைவுக்குத் துணைசெய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அது எதை எழுதவல்லது, எதை எழுத இயலாதது என்பதை நாம் உணர்ந்திருத்தல் வேண்டும். தோடி இராகத்துக் காந்தாரத்தைக் கொப்பியிலே 'க' என்று ஓரெழுத்தால் எழுதிவிடலாம். ஆனால் பாடுமிடத்து அது ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. மேலுங் கீழும் அசைந்து, அவ்வசைவினாலேயே தோடியாகின்றது. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் நாதசுரத்தில் அவ்விராகம் பெற்ற புகழ் இத்தகைய கமகங்களால் வந்ததேயன்றி, எழுதத்தக்க சுர வரிசையால் வந்ததன்று. தோடியின் ஆரோகண அவரோகணத்தைப் பிழையின்றி எழுதிப் புள்ளிகள் பெற்ற பின்னரும், கோயில் வீதியில் வாசிக்கப்படுவது தோடியென்று அறியாதிருந்த மாணவி நான். என்போன்றோர் பலர் இருத்தல் கூடும்.

இந்நிலையினைப் பரீட்சை முறை மேலும் உறுதிப்படுத்திற்று. 1930களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபை, தரவரிசைப்படி அறிமுறைப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் நடத்தி, ஆசிரியர் தரத்திற் சித்தியெய்தியோருக்குக் 'கலாவித்தகர்' பட்டம் வழங்கி வந்துள்ளது. இதன் பணியை எளிதாக எடைபோடுதல் ஆகாது. பிறப்பினாலன்றிப் பயிற்சியினால் ஒருவர் இசையாசிரியராகலாம் என்னும் நிலைக்கு அது வழி திறந்தது. பெண்கள் பலருக்குத் தொழிலும் தன்மதிப்பும் கிடைக்கச் செய்தது. 1960இல் மருதனார்மடத்திலே தோன்றி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகமும், 1982இல் மட்டக்களப்பிலே தோன்றிய விபுலானந்த இசை நடனக் கல்லூரியும் பெற்ற மாணவருட் பலர் முதற்பாடங் கற்றது இத்தகைய வீட்டு வகுப்புகளிலே எனின் மிகையாகாது.

குறை பரீட்சை இருப்பதிலன்று. பரீட்சையே வகுப்பின் எல்லையாகிவிட்டமையிலே தான் உள்ளது. பாடவிதானத்தில் உள்ளது மாத்திரம் கற்பிக்கப்படும், கேட்கப்படாதது கற்பிக்கப்படாது. இன்ன தரத்துக்கு இத்தனை உருப்படிகள் என்ற கணக்கினுள், ஒரே இராகத்திற் பல மாதங்கள் தோய்ந்திருத்தற்கு இடமில்லை. 'பிள்ளை எத்தனையாந் தரம்?' என்பதே பெற்றோர் ஆசிரியரிடங் கேட்கும் வினா. பிள்ளை என்ன பாடுகிறாள் என்று கேட்போர் அரியர்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். தேவாரத்தின் இரண்டாந் திருமுறையிலே தொடக்கப் பதிகங்கள் இந்தளப் பண்ணில் அமைந்தவை. ஓதுவார் மரபிலே இந்தளம் மாயாமாளவகௌளை இராகத்திற் பாடப்படுகின்றது. அதாவது, ஏழு வயதிலே பல மாதங்கள் நான் 'ச ரி க ம' என்று எந்த இராகத்தில் ஓதினேனோ, அதே இராகத்தில் எங்கள் தெருக்கோடிக் கோயிலிலே சம்பந்தர் தேவாரம் பாடப்பட இயலும். திருக்கோணமலைப் பதிகத்தின் பண் புறநீர்மை; அது பூபாளத்திற் பாடப்படுவது. ஈழத்துத் தலத்தின் மீதமைந்த பாடலும், ஈழத்துப் பிள்ளைகள் கற்கும் சுரமும் இவ்வாறு அருகருகே கிடக்கின்றன. இவ்வுறவினை ஒன்பது ஆண்டுகளில் நான் அறிந்திலேன். பல்கலைக்கழக நூலகத்திலே தற்செயலாக அறிந்தேன். பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகளின் பெயரையும் அறிமுறைத் தாளின் பொருட்டு மனனஞ் செய்திருந்தேன். அவர் ஆராய்ந்த பண்களுள் ஒன்றையேனும் பாடக் கற்றிருக்கவில்லை.

வகுப்புக்கும் கோயில் வீதிக்கும் இடையே இத்தகைய பிளவு ஏன் ஏற்பட்டது? இவ்வினாவுக்கு விடை இசையியலில் மாத்திரம் இல்லை. சமுதாய அமைப்பிலும் உண்டு. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்கள் நாதசுரத்தாலும் தவிலாலும் புகழ்பெற்றவை. தவில் வித்துவானாகிய தந்தையாரிடமே கற்கத் தொடங்கிய யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி, தமிழகத்தின் பெரு வித்துவான்களும் வியந்து போற்றும் நிலையை எய்தினார். அக்கலைஞர்களின் இல்லங்களிலே செவிவழி மரபு அறாது நின்றது. ஆனால் நமது சாதியமைப்பு, அவர்களது வாசிப்பை வீதியில் நின்று கேட்பதற்கு இசைந்ததேயன்றி, அவர்களைத் தம் பிள்ளைகளுக்குக் குருவாக ஏற்பதற்கு எளிதில் இசையவில்லை. வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் 'வீட்டுக்குரிய' இசையாகவும், நாதசுரமும் தவிலும் ஒரு பகுதியினரின் குலத்தொழிலாகவும் வகுக்கப்பட்டன. இசை நிரம்பி வழிந்த வீதிக்கு அருகிருந்து, அவ்வீதியைக் கேளாத வகுப்பொன்று தோன்றியமைக்கு இப்பாகுபாடும் ஒரு காரணமாகும். நாம் கட்டணங் கொடுத்து இசையை வாங்கினோம். இசையோடு வாழ்ந்தவர்களைத் தூர நிறுத்தினோம்.

பெண்களின் நிலையும் ஈண்டு கருதத்தக்கது. பாட்டுத் தெரிந்த பெண் என்பது கலியாணப் பேச்சிலே ஒரு தகுதியாக எண்ணப்பட்டது. அத்தகுதியின் பயன் திருமணத்தோடு முடிவதாகவும் கொள்ளப்பட்டது. என் தாயார் நான்காந் தரம் வரை வயலின் பழகியவர். அவ்வயலின் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் உறையுடன் இருந்தது. அவர் அதனை எடுத்து வாசித்ததை நான் கண்டதில்லை. என்னை வகுப்பில் விட்டு, முடியும்வரை படியில் அமர்ந்திருந்தவர் அவரே. பரீட்சைக்கு அப்பால் இசைக்கு ஒரு வாழ்வுண்டு என்று அவருக்கும் எவரும் கூறியிருக்கமாட்டார்கள்.

இவற்றைக் கூறுவதனாற் பழைய குருகுலத்துக்கு மீளவேண்டும் என்பது கருத்தன்று. குருகுலம் ஆழமானது, ஆனால் அதன் வாயில் ஒடுங்கியது. பிறப்பும் பாலும் நோக்கியே அது பலருக்கு மூடப்பட்டிருந்தது. தனியார் வகுப்பு அவ்வாயிலை அகலத் திறந்தது; உள்ளே இருந்ததைக் குறைத்துக்கொண்டது. அகலத்தைக் காத்துக்கொண்டு ஆழத்தை மீட்பதே இன்றைய தேவை.

அதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. புதிய பாடத்தை முதலிற் செவியாற் கற்றுப் பாடியபின் கொப்பியில் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். மாயாமாளவகௌளையில் வரிசைகள் கற்கும் பிள்ளைக்கு இந்தளப் பதிகம் ஒன்றை உடன் கற்பிக்கலாம். பாடிக்காட்டிய சிறு சொற்றொடரைக் கேட்டுத் திருப்பிப் பாடுதலைச் செய்முறைப் பரீட்சையின் ஒரு பகுதியாக்கலாம். திருவிழாக் காலத்தில் ஒருநாள் வகுப்பை நிறுத்தி, மாணவரை மேளக்கச்சேரிக்கு அழைத்துச் செல்லலாம். அக்கலைஞர்களை வகுப்புக்கு மதிப்போடு அழைக்கலாம். ஒலிப்பதிவுகள் கைத்தொலைபேசியிலே கிடைக்கும் இக்காலத்தில், கேட்பதற்கு வாய்ப்பில்லை என்று கூறுவதற்கில்லை. கேட்கும் பழக்கமே ஊட்டப்பட வேண்டியுள்ளது.

ஆலயத்திலே எனக்குத் துணைநின்ற தோழியிடம், சுருதியை எவ்வாறு பிடித்தாய் என்று பின்னொரு நாள் வினவினேன். அவ்வினாவே அவளுக்கு வியப்பாயிருந்தது. 'நீ பாடியதைக் கேட்டேன். உனக்கு எட்டாதென்று தெரிந்தது. கீழே எடுத்தேன்' என்றாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவள் எடுக்க நான் தொடர்ந்து பாடுகின்றேன். அவள் விரும்பியவாறு சுரங்களை எழுதவும் கற்பித்து வருகின்றேன். என் கல்வியும் அவள் கேள்வியும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் வேண்டும். அதற்கு வழிசெய்யும் நாளிலேயே நமது பாட்டு வகுப்பு இசைக்கல்வி என்னும் பெயருக்கு உரியதாகும்.