ஒரே எஞ்சினின் பல முகங்கள்

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு குற்றச்சாட்டு தப்பாமல் வந்துவிடும்: ஒரே எஞ்சினை வைத்துக்கொண்டு, பெயரையும் பெயின்ட்டையும் மாற்றியே காலத்தை ஓட்டிவிட்டார்கள் என்று. ட்ரையம்ஃப் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைப் பொறுத்தவரை அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. 1937-இல் பிறந்த எஞ்சினின் வம்சம் 1983-இல் மெரிடன் ஆலை மூடப்படும்வரை ஓடியது. ஆனால் அந்தச் சின்னச் சின்ன மாற்றங்களில்தான் இந்த வண்டிகளின் அழகே இருக்கிறது என்பேன். எஞ்சினின் இயல்போடு இசைந்து வந்த மாற்றம் எது, அதன் தலையில் கட்டியது எது என்று பிரித்தறிவதுதான் இங்கே ரசனை.

எட்வர்ட் டர்னர் வடிவமைத்த ஸ்பீடு ட்வின் 498 சிசி. இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். வெடிப்பு மட்டும் மாறி மாறி நடக்கும். சீரான இடைவெளியில் வரும் அந்தச் சத்தம் அப்படிப் பிறந்ததுதான். ஒரு கேம் ஷாஃப்ட் முன்னால், இன்னொன்று பின்னால். புஷ் ராடுகளை மூடிய குரோம் குழாய்கள் சிலிண்டர்களுக்கு நடுவே, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக நிமிர்ந்து நிற்கும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கான ஃப்ரேமிலேயே அடங்கிவிடும் அளவுக்கு ஒடுக்கமான எஞ்சின் அது. வேகம் கேட்ட அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக 1949-இல் 649 சிசி தண்டர்பேர்டு வந்தது. அதே எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர் பூட்டியதும் 1959 மாடலாக போனவில் டி120 பிறந்தது. முதல் ஆண்டு வண்டியில் ஹெட்லைட், ஃபோர்க்கின் மேற்பகுதியை மூடிய தகட்டுக்குள் புதைந்திருக்கும். அடுத்த ஆண்டே அந்த மூடியைக் கழற்றிவிட்டு லைட்டைத் தனியாக நிறுத்தினார்கள். ஒரு தகடு போனதில் வண்டியின் முகமே இளமையானது. 1963-இல் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன. அதுவரை இரண்டுக்கும் நடுவே தெரிந்த இடைவெளி மறைந்து, வண்டிக்கு ஓர் இறுக்கம் கிடைத்தது.

அதிர்வும் ஆயில் ஒழுகலும் கலையில் சேருமா என்று கேட்கலாம். 1969-இல் ஹோண்டா சிபி750 நான்கு சிலிண்டர், டிஸ்க் பிரேக், பட்டன் ஸ்டார்ட் என்று வந்து நின்றபோது இந்த வண்டிகள் ஒரே நாளில் கிழடுதட்டிப்போனது நிஜம். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி இறங்கும் அமைப்பில் அதிர்வைத் தவிர்க்க முடியாது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதிர்வின் விசை நான்கு மடங்காகும். 500 சிசியில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய சிலிர்ப்பு. அந்த எஞ்சினையே 750 சிசியாக இழுத்து டி140 ஆக்கியபோது கை மரத்துப்போனது. நார்ட்டன் தன் கமாண்டோவில் எஞ்சினையே ரப்பரில் தொங்கவிட்டதும் இதே நோய்க்கு மருந்து தேடித்தான். குறை டர்னரின் கணக்கில் இல்லை. அந்தக் கணக்குத் தாங்காத பாரத்தை ஏற்றியதில் இருக்கிறது. 1971-இன் ஃப்ரேம் இதற்கு நல்ல சாட்சி. மெரிடனுக்கு வெளியே, அம்பர்ஸ்லேடு ஹால் ஆய்வகத்தில் வரைந்து அனுப்பிய அந்த ஃப்ரேமின் குழாய்க்குள்தான் ஆயில் இருந்தது. ஆலைக்கு வந்தபின் பார்த்தால் ராக்கர் பாக்ஸ்களைக் கழற்றாமல் எஞ்சின் உள்ளே இறங்கவில்லை. சீட்டும் உயரம், கால் ஊன்றச் சிரமப்பட்டவர்கள் பலர். எஞ்சினை அருகில் வைத்துப் பார்க்காமல் செய்த மாற்றம் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஆகவே ட்ரையம்ஃப் வரிசையில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 1968 முதல் 1970 வரையிலான 650 சிசி போனவில்லைத்தான் சொல்வேன். முன்சக்கரத்துக்கு நம்பகமான பிரேக் வந்துவிட்டது, ஃப்ரேமின் பழைய ஆட்டம் அடங்கிவிட்டது, ஆயிலும் இன்னும் தன் தனி டேங்க்கிலேயே இருந்தது.