நிரலும் நிகழ்ந்ததும்

வானொலி நிகழ்ச்சிப் பட்டியலை இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்ல வரவில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் கல்யாணப் பத்திரிகையும் மளிகைக் கடைச் சிட்டையும் எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவு இதுவும் பயன்படும். ஓர் ஊர் எந்த நேரத்தில் எதைக் கேட்டது, யாருடைய பெயரைச் சொல்லிப் பூரித்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பழைய பட்டியல்களைப் படம் பிடித்து இணையத்தில் சேர்த்துவைக்கும் வேலையில் இப்போது பலர் இறங்கியிருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனாலும் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு குறை உண்டு.

இந்தப் பட்டியல்களின் கதை பழையது. 1927-இல் பம்பாயிலிருந்து 'இந்தியன் ரேடியோ டைம்ஸ்' வந்தது. அதுவே 1935-ஆம் ஆண்டின் இறுதியில் 'இந்தியன் லிஸனர்' ஆகி, 1958-இல் 'ஆகாஷ்வாணி' என்று பெயர் மாறியது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இலும், திருச்சி நிலையம் 1939 மே 16-இலும் பிறந்தன. தமிழ் நேயர்களுக்கென்று 'வானொலி' என்ற பத்திரிகையும் வந்தது. எந்த நாள், எந்த மணி, யார் பாட்டு, யார் பேச்சு என்று முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தார்கள். இவை எல்லாம் இன்று நின்றுபோய்விட்டன. 'இந்தியன் லிஸனர்' இதழ்களில் பலவற்றை மட்டும் இப்போது இணையத்தில் யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் சிலர். அதை நம்பி வாழ்ந்தவர்கள் பலர். நெசவுத் தெருவில் ஒரு வீட்டுக்கு அது வந்தால், தறிக்குழியில் கால் வைத்திருக்கும் பத்து வீட்டுக்காரர்களுக்கு அன்று மாலை என்ன பாட்டு என்று தெரிந்துவிடும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோதான். சாவடியில் பெட்டி, வேப்பமரத்தில் ஒலிபெருக்கி. எதிரே சம்சாரிகள் தலைத்துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கொழும்புப் பாட்டுக்கு மட்டும் பட்டியல் தேவைப்படவில்லை. அது பழக்கத்தில் வந்தது.

சில வருஷங்களுக்கு முன் திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் எண்பதை நெருங்கிய தவில்காரர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். குண்டாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் பூத்த ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். 'வானொலி'யிலிருந்து கத்தரித்த துண்டு அது. நாகசுரக்காரர் பெயர் முதலில், துணை நாகசுரம் அடுத்து, கடைசி வரியில் "தவில்" என்று போட்டு இவர் பெயர். தேதி 1964 மே 28.

"பெரிய சங்கதிதான் ஐயா! ரேடியோவிலே வாசித்திருக்கிறீர்களே" என்றேன்.

அவர் சிரித்தார். "வாசிக்கலே தம்பி. முந்தின நாள்தான் நேரு செத்துப் போனாரு. நாங்க பஸ் ஏறி நிலையத்துக்குப் போயிட்டோம். இன்னைக்கு மேளம் கிடையாது, போயிட்டு வாங்கன்னுட்டாங்க. அவங்க மேலே என்ன தப்பு? நாடே அழுதுக்கிட்டு இருக்கையிலே நான் தவில் அடிக்க முடியுமா?"

"பிறகு?"

"ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டாங்க. வாசிச்சோம். ஊரே சாவடியிலே உக்காந்து கேட்டுச்சு. ஆனா அந்தத் தடவை புஸ்தகத்திலே எங்க பேரு இல்லே. திடீர்னு சேத்தாங்க பாருங்க, அதுக்குள்ளே அச்சாயிருச்சு."

அச்சில் இருப்பது நடக்கவில்லை. நடந்தது அச்சில் இல்லை. என்னுடைய குறை முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

நிகழ்ச்சி நிரல் என்பது சாட்சி அல்ல, வாக்குறுதி. மேகம் கறுத்ததற்காக மழை பெய்ததென்று எந்தக் கரிசல்காட்டுச் சம்சாரியும் கணக்கு எழுதமாட்டான். ஆனால் பழைய பட்டியலைக் கண்டெடுத்த உற்சாகத்தில் நம் அன்பர்கள், "இன்ன நாளில் இன்னார் பாடினார்" என்று எழுதிவிடுகிறார்கள். "பாடுவதாக அறிவிக்கப்பட்டிருந்தார்" என்று எழுதுவதற்கு இரண்டு சொல்தான் கூடுதலாகச் செலவாகும். அந்தச் சிக்கனத்தில் சரித்திரம் கோணலாகிறது.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. பி.பி.சி.யின் நிகழ்ச்சிகளை இலவசமாக வெளியிடப் பத்திரிகை முதலாளிகள் முரண்டு பிடித்ததால் பிறந்தது 'ரேடியோ டைம்ஸ்'. முதல் இதழ் 1923 செப்டம்பர் 28. அதன் 1923 முதல் 2009 வரையிலான பட்டியல்களை எல்லாம் 'ஜீனோம்' என்ற பெயரில் 2014-இல் இணையத்தில் வைத்தார்கள். வைத்ததோடு, இது திட்டமிட்ட நிகழ்ச்சிகளின் பட்டியல்தான், ஒலிபரப்பு மாறியிருக்கலாம், தெரிந்தவர்கள் திருத்தம் அனுப்புங்கள் என்றும் சொன்னார்கள். பெருமையோடு அடக்கமும் சேர்ந்திருந்தது. நமக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பட்டியலைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய பெயர்களை மட்டும் பொறுக்குகிறார்கள். தி. ஜானகிராமன் வானொலியில் கல்வி ஒலிபரப்புத் துறையில் இருந்தவர். அகிலனும் சென்னை நிலையத்தில் பணி செய்தவர். அவர்களைத் தேடி இந்தத் தாள்களுக்குள் நுழைவது நியாயமே. ஆனால் ஜானகிராமனுக்கு அவருடைய நாவல்கள் இருக்கின்றன. தவில்காரருக்கு அந்தக் கடைசி வரியைத் தவிர அச்சில் வேறு என்ன இருக்கிறது? அந்த வரியை வெட்டிவிட்டு மேல்வரியை மட்டும் தட்டச்சுச் செய்கிறவர், தம்மை அறியாமலே ஒரு மனிதனை இரண்டாம் முறை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்.

பக்கத்தை முழுசாக வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. 1940-களில் தமிழிசை இயக்கம் கிளம்பியபோது, மேடையில் தமிழ்ப் பாட்டு எத்தனை, பிறமொழிப் பாட்டு எத்தனை என்பதுதான் சண்டை. பாட்டின் முதலடியையும் ராகத்தையும் சேர்த்து அச்சிட்ட பட்டியல்கள் உண்டு. வருஷவாரியாக அவற்றை எண்ணிப் பார்த்தால், இரு தரப்பும் ஆவேசமாகச் சொன்னதில் எவ்வளவு மெய் என்று தெரியும். ஒரு பிரபலஸ்தரின் பெயரைச் சுற்றிக் கத்தரித்த துண்டுகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. தேதி, நிலையம், நேரம், பக்கவாத்தியம், ஓரத்து விளம்பரம் எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் அது ஆவணம். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

நம்முடைய 'வானொலி' இதழ்களின் வரிசை முழுவதையும் இப்படி ஓரிடத்தில் வைக்கவேண்டும். வைக்கிறவர்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே திருத்தம் எழுதக் கொஞ்சம் இடமும் விடவேண்டும். அன்று கேட்ட காதுகளில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. அந்தக் காதுகள் ஓய்ந்துவிட்டால் அச்சில் இருப்பதே மெய்யாகிவிடும்.

விடைபெறும்போது அந்தத் துண்டைப் படம் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்டேன். தலையாட்டினார். அப்புறம் ஏதோ யோசித்தவராய், "தம்பி, எங்கே போட்டாலும் சரி, அன்னைக்கு வாசிக்கலேன்னு கீழே எழுதிருங்க" என்றார்.

"உங்கள் பெயர் இருக்கிறதே ஐயா, அதைப் போய் நாமே கெடுப்பானேன்?"

"பேரு இருக்கட்டும். வாசிக்காததை வாசிச்சேன்னு சொல்லிட்டா, ஆடி வெள்ளிக்கிழமை வாசிச்சதை யாரு நம்புவா?"

படத்தின் கீழே அவர் சொன்னபடியே எழுதினேன்: 'இந்த நிகழ்ச்சி நடைபெறவில்லை. அவ்வாண்டு ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை நடைபெற்றது. தவில் இவரே.'