வேலையாள் இல்லாத காடு

சொகுசு வனவிடுதியில் தங்கிவிட்டு வந்து எழுதும் கட்டுரைகளில் ஒன்றைப் படித்தால் போதும், மற்றதெல்லாம் படித்த மாதிரிதான். மூடுபனி, மூச்சு வாங்கும் ஏற்றம், வழிகாட்டி கையை உயர்த்தி நிறுத்துகிறார், புதர் விலகுகிறது, கொரில்லா எழுத்தாளரின் கண்ணைப் பார்க்கிறது. எழுத்தாளர் தன் சிறுமையை உணர்கிறார். அடுத்த பத்தியில் வெந்நீர்க் குளியல், கணப்பு, ஒயின். ருவாண்டாவோ உகாண்டாவின் புவிண்டியோ, பெயரை மாற்றினால் ஆச்சு.

கொரில்லாவுக்கு என் சம்பளம் எட்டாது. ருவாண்டாவில் ஒரு மணி நேரம் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே 2017 முதல் 1,500 அமெரிக்க டாலர். நம்ம நாட்டில் அதற்குப் பக்கத்தில் வரக்கூடியது சபாவின் டானும் பள்ளத்தாக்கு. ஜொகூர் செனாயிலிருந்து கோத்தா கினபாலு, அங்கிருந்து லஹாட் டத்து, பிறகு காட்டுச்சாலை. போன வருஷம் அங்குள்ள விடுதியில் இரண்டு இரவு தங்கினேன்.

காட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 438 சதுர கிலோமீட்டர். அங்கே நிற்கும் ஒரு மஞ்சள் மெராந்தி மரத்தை 2019இல் ஏறியே அளந்தார்கள்: 100 மீட்டருக்கும் மேல். முப்பது மாடி வரும்னு என் தொழில்புத்தி கணக்குப் போட்டது. இரண்டாம் நாள் அத்திமரத்தில் ஒரு தாய் ஓராங் ஊத்தானும் குட்டியும். முக்கால் மணி நேரம் எங்களைச் சட்டையே பண்ணாமல் தின்றன. யார் கண்ணையும் பார்க்கவில்லை.

என் புகார் எழுத்தைப் பற்றியது. இந்தக் கட்டுரைகளில் காடு யாருடைய உழைப்பும் படாமல் தானாகவே அங்கே இருக்கிறது. ஆனால் டானுமுக்குப் போகும் சாலையே மரலாரிகளுக்காகப் போட்டது. சபாவின் மிகப்பெரிய மரம்வெட்டும் உரிமை யாயாசான் சபா அறநிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த நிலத்துக்குள்ளேயே 1981இல் இந்தப் பகுதியை வெட்டாமல் ஒதுக்கி வைத்ததும் அதே நிறுவனம்தான். விடுதிக்கு மேலே ஒரு பாறைமுகட்டில் பழைய சவப்பெட்டி இருக்கிறது. ஆற்றோரம் ஒரு காலத்தில் வாழ்ந்தவர்களுடையது. மலாயில் ஓராங் ஊத்தான் என்றாலே காட்டு மனிதன். அதைத் தேடிப் போகிறவர்களின் கட்டுரையில் சவப்பெட்டி ஒரு வரி, இரவு உணவு நாலு பத்தி.

புவிண்டியிலும் இதே கதைதான். 1991இல் அது தேசியப் பூங்கா ஆனபோது பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பயணக் கட்டுரைக்குள் அவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் மாலை நேர நடனக்காரர்களாகத்தான்.

விடுதிகளையே மூடணும் என்கிற கட்சியில் நான் இல்லை. மலைக் கொரில்லாக்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2018இல் அழிவின் விளிம்புப் பட்டியலிலிருந்து ஒரு படி மேலே வந்தன. காவலர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் போகும் பணத்தில் அந்த 1,500 டாலருக்கும் பங்கு உண்டு. பணம் வேலை செய்கிறது, எழுத்துதான் சும்மா இருக்கிறது.

ஜெயமோகனின் 'காடு' நாவலில் கிரிதரன் விருந்தாளியாகப் போகவில்லை. மாமாவின் ஒப்பந்த வேலைக்கு, சிறு பாலங்கள் கட்டப் போகிறான். கூலியாட்களோடும் சமையல்காரர்களோடும் சேர்ந்தே காடு அவனுக்கு அறிமுகமாகிறது. காதலும் கபிலரும் அந்த வேலைத்தளத்தின் வழியாகத்தான் வருகிறார்கள். அந்தக் காட்டுக்கு வாசனை இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். (இன்ஜினியர்களுக்கு அந்த நாவல் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.) அகிலனோ நம் ரப்பர் தோட்டத்தைப் பற்றிய நாவலுக்கு 'பால்மரக் காட்டினிலே' என்று பேர் வைத்தார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் தாத்தா 'காட்டுக்குப் போறேன்' என்றால் வேலைக்குப் போகிறார் என்று அர்த்தம். அட்டை கடிக்குப் பாட்டி புகையிலை தேய்ப்பாங்களாம். விடுதியில் அட்டை கடித்த காலை எல்லாரும் போட்டோ எடுத்தோம்.

இந்த மொழி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட்டுவிட்டு விடுதியின் விளம்பரத் தாளிலிருந்து பெயர்த்த மாதிரி ஒரு தமிழில் ஏன் எழுதணும்?

என் வழிகாட்டியின் அப்பா மரலாரி ஓட்டியவர். மகன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க அவர் வந்ததுண்டா என்று கேட்டேன். ஒரு தடவை வந்தாராம். நடைபாலத்தில் நின்று, எந்த மரம் எத்தனை டன் தேறும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாராம்.