தவமோ, மனந்திரும்புதலோ: ஓர் ஓவியத் தலைப்பின் தமிழாக்கம்

டிஷியன் 1560ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டிய புனித ஜெரோம் ஓவியம் மிலான் நகரின் பிரேரா ஓவியக்கூடத்தில் உள்ளது. பாறைகள் சூழ்ந்த காட்டில் முழந்தாளிட்ட முதியவர் ஒருவர், சிலுவையை நோக்கியவாறு கையில் கல் ஏந்தியிருக்கிறார். அருகே நூல்களும் சிங்கமும் உள்ளன. இத்தகைய ஓவியங்களின் தலைப்பில் வரும் ‘பெனிடென்ட்’ என்னும் அடையைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

‘தவம் புரியும் ஜெரோம்’ என்பது எளிதில் தோன்றும் தலைப்பு. கத்தோலிக்கர் வழங்கும் ‘தவக்காலம்’ என்னும் சொல்லும் இதற்குத் துணைநிற்கிறது. ஆயினும் திருக்குறள் கூறும் தவம், தன் துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையுமாகும். அதற்குக் குற்றவுணர்வு முன்நிபந்தனையன்று. இத்தலைப்பைப் படிக்கும் தமிழர் தபோவனத்து முனிவரைக் காண்பர். பாவத்திற்கு வருந்தும் மனிதரைக் காணார்.

சீர்திருத்தச் சபையாரின் ‘மனந்திரும்புதல்’ இதற்கு மறுதலையானது. அது அகமாற்றத்தைச் சுட்டும். கல்லேந்திய கையை விட்டுவிடும். ‘மனந்திரும்பிய’ என இறந்தகாலப் பெயரெச்சமாக்கினால் செயல் முடிந்துவிட்டது என்றும் பொருள்படும். ஓவியத்திலோ செயல் முடியவில்லை.

இவ்விரு சொற்களின் பிளவு தமிழில் பிறந்ததன்று. கிரேக்க மூலத்தின் ‘மெட்டனோயா’ மனமாற்றத்தைக் குறிக்கும். ஜெரோம் திருத்தியமைத்த இலத்தீன் நற்செய்திகளில் அது ‘பெனிடென்சியா’ எனச் செயலோடு இயைந்து நிற்கிறது. லூதர் 1517இல் இச்சொல்லின் பொருளையே தம் முதற் கருத்துரைகளில் எழுப்பினார். திரெந்து பொதுச்சங்கம் 1551இல் மனவருத்தம், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் வலியுறுத்தியது. அதன்பின் தீட்டப்பட்ட இவ்வோவியத்தில் வருத்தமும் பரிகாரமும் ஒரே உடலில் இணைகின்றன. ஜெரோம் தம் மடல் ஒன்றில் மார்பில் அடித்துக்கொண்டதை மட்டுமே கூறுகிறார். கல் ஓவியர் மரபு சேர்த்தது. அவ்வகையில் ஓவியரும் மொழிபெயர்ப்பாளரே.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இத்துறைச் சொற்களை எதிர்கொண்டதும் அந்நூற்றாண்டிலேயே. தோப்பும்படியை அடுத்த பழைய கொச்சியில், என்ரீக்கே என்ரீக்கசு பாதிரியாரின் ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579இல் அச்சாயிற்று. மறு ஆண்டு வெளிவந்த பாவ அறிக்கை வழிகாட்டி, போர்த்துக்கீசியப் பெயரை ஒலிபெயர்த்து ‘கொம்பெசியோனாயரு’ எனப்பட்டது. கத்தோலிக்க வழக்கில் பின்னர் நிலைபெற்ற ‘பச்சாத்தாபம்’ பின்னர் எரியும் மனத்தைச் சுட்டுமேயன்றி, உடலின் செயலைச் சுட்டாது.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் நெறியை இங்குக் கைவிடுவதே தக்கது. ‘நொந்து தன்னை ஒறுக்கும் ஜெரோம்’ என்பது நம் பரிந்துரை. வினையெச்சம் அகத்தின் வருத்தத்தைக் காரணமாக முன்வைக்கிறது. நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவாய் நிற்கும் பெயரெச்சம் செயலை முடிக்காமல் நிறுத்துகிறது. தலைப்பு சற்று நீள்கிறது என்பது உண்மையே. எனினும் நெஞ்சையும் கல்லையும் அது ஒருங்கே காக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் காவலராகப் போற்றப்படும் ஜெரோமுக்கு அத்துணைக் கவனம் உரியதே.